கை உயர்த்துவதற்கு முன்

ஊராட்சி வார்டு மெம்பர் என்பவர் தெருவிளக்கு எரியச் செய்பவர், குழாயில் நீர் வரச் செய்பவர், முதியோர் உதவித்தொகைக்கு மனு எழுதிக் கொடுப்பவர் என்று ஜனங்கள் பொதுவாக நினைக்கிறார்கள். அந்த நினைப்பில் தவறு ஏதும் இல்லை. என்றாலும் சட்டத்தைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தால், இவற்றில் ஒன்றைக்கூடத் தம் சொந்த அதிகாரத்தால் செய்துவிட அவருக்கு இடமில்லை என்பது புலப்படும். நிர்வாக அதிகாரம் தலைவருடையது. கணக்கும் கடிதப் போக்குவரத்தும் ஊராட்சிச் செயலர் கையில் இருப்பவை. மேற்பார்வை வட்டார வளர்ச்சி அலுவலருடையது. இவர்கள் எல்லோருக்கும் மேலே, ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற ஸ்தானத்தில், மாவட்ட ஆட்சியர் இருக்கிறார். வார்டு மெம்பருக்கு மிஞ்சுவது கூட்டத்தில் கேள்வி கேட்கும் வாயும், தீர்மானத்தின்மீது உயர்த்துகிற கையும் மாத்திரமே. அந்த இரண்டையும் எப்படிப் பிரயோகிப்பது என்பதைக் கற்றுக்கொள்வதிலேயே என் பொதுவாழ்வின் பெரும்பகுதி கழிந்தது. கற்றதில் சிலவற்றை, பின்னால் அந்த நாற்காலிகளில் அமரப் போகிறவர்களுக்கும், அவர்களை அனுப்பி வைக்கப் போகிற வாக்காளர்களுக்கும் பயன்படக் கூடும் என்று எண்ணி எழுதுகிறேன்.

வேலூரிலிருந்து கண்ணமங்கலம் வழியாகப் போளூருக்கும் திருவண்ணாமலைக்கும் செல்லும் சாலையில், மேற்குத் திக்கு முழுவதையும் ஜவ்வாது மலைத்தொடர் அடைத்து நிற்க, படைவீட்டுக்குச் செல்வோர் திரும்பும் வழியில் அமைந்த ஊர் சந்தவாசல். படைவீட்டைத் தலைநகராகக் கொண்டு சம்புவராயர்கள் ஆண்ட பூமி இது; வட ஆர்க்காட்டிலிருந்து 1989ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் தேதி பிரிந்தபோது எங்கள் மாவட்டம் அவர்கள் பெயரையும் சேர்த்துத் திருவண்ணாமலை–சம்புவராயர் மாவட்டம் என்றே பிறந்தது. ஆடி மாதம் பிறந்தால் படைவீட்டு ரேணுகாம்பாள் கோயிலுக்குச் செல்லும் வேன்களும் டிராக்டர்களும் பாதயாத்திரைக் கூட்டமும் இந்த வழியைத்தான் நிறைக்கின்றன. மற்ற மாதங்களில் வாழைத்தார் ஏற்றிய வண்டிகளும் வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ்களும் நிறைக்கின்றன. இந்த வட்டாரத்துச் சிற்றூராட்சி ஒன்றில், கொஞ்சம் நெல்லும் கொஞ்சம் வாழையும் பயிரிட்டுக்கொண்டிருந்த நான், 1996 அக்டோபரில் நடந்த தேர்தலில் வார்டு மெம்பராகத் தேர்ந்தெடுக்கப்பட்டேன்.

அந்தத் தேர்தலின் விசேஷத்தை இன்றைய வாலிபர்களுக்குச் சொன்னால்தான் விளங்கும். 1958ஆம் ஆண்டுப் பஞ்சாயத்துச் சட்டத்தின் கீழ் நம் மாகாணத்தில் உள்ளூர் ஆட்சி சில காலம் நன்றாகவே நடந்தது. ஆனால் 1970க்குப் பிறகு அடுத்த தேர்தலைக் காண ஜனங்கள் 1986 வரையில் காத்திருக்க நேர்ந்தது. ஐந்து ஆண்டுக்கு ஒரு தேர்தல் என்பது ஆளுகின்றவர்களின் சித்தத்தைப் பொறுத்ததாக இருந்த நிலையை மாற்றியது, 1993 ஏப்ரல் 24இல் அமலுக்கு வந்த அரசியல் சாசனத்தின் எழுபத்து மூன்றாவது திருத்தம். அதற்கு இசைய 1994இல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் இயற்றப்பட்டு, அதன் கீழ் நடந்த முதல் தேர்தல் எங்களுடையது. பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கும், தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் ஜனத்தொகைக்கு ஏற்ற பங்கும் ஒதுக்கப்பட்டபடியால், அதுவரை பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் மனுவோடு நின்றிருந்தவர்களில் பலர் முதல்முறையாக உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். பெண்களின் பங்கு பின்னர் 2016இல் சரிபாதியாக உயர்த்தப்பட்டது.

வேலை என்னவென்று எனக்குக் கற்றுக்கொடுத்தது சட்டப் புத்தகம் அன்று, தண்ணீர். மேல்நிலைத் தொட்டியின் மோட்டாரைப் போடுவதும் நிறுத்துவதும், எந்தத் தெருவுக்கு எந்த வேளையில் கேட்வால்வைத் திறப்பது என்பதும் டேங்க் ஆபரேட்டரின் காரியம். எளிய சம்பளத்துக்கு வைகறையில் எழுந்து சாவியோடு நடக்கும் அந்த மனிதர், தலைவரையும் மெம்பர்களையும் விட ஜனங்களின் அன்றாட வாழ்வில் அதிகம் சம்பந்தப்பட்டவர் என்பதை நான் வெகு சீக்கிரத்தில் உணர்ந்தேன். அவரோடு விடியற்காலையில் சேர்ந்து நடக்கத் தொடங்கினேன். தொட்டிக்கு அருகே இருக்கும் தெருவில் ஒரு குடம் அரை நிமிஷத்தில் நிறைகிறது. குழாய் நீண்டு நீண்டு கடைசியில் முடிகிற இடத்தில் அதே குடம் நிறையப் பத்து நிமிஷமும் போதாமல், நிறைவதற்கு முன்பே தண்ணீர் நின்றுவிடுகிறது. இடையில் உள்ள வீடுகளில் சிலர் குழாயைத் தரைமட்டத்துக்குக் கீழே பள்ளம் தோண்டித் தாழ்த்தி வைத்திருப்பார்கள். வசதியுள்ளவர்கள் குழாயிலேயே மோட்டார் வைத்து உறிஞ்சுவார்கள். கடைமடைக்கு நீர் போகாமைக்கு மேல்மடையில் இருப்பவனே காரணம் என்பதை ஏரிப் பாசனத்தில் அறிந்த எங்கள் ஜனங்கள், குடிநீர்க் குழாயில் அதே நியாயம் பேசத் தயங்குவதைக் கண்டேன். ஏனெனில் இங்கே மேல்மடையில் இருந்தது அவரவர் சொந்த வீடு.

இப்படி நடந்து பார்ப்பது மெம்பரின் வேலையில் முக்கால் பங்கு என்றே சொல்வேன். எந்தக் கம்பத்தில் விளக்கு எரியவில்லை, எந்தக் கால்வாயில் அடைப்பு, எந்தக் கைப்பம்பில் வாஷர் தேய்ந்துவிட்டது, ஏரிக்கரையில் எங்கே மண் சரிகிறது, எந்த வீட்டில் கணவனை இழந்தவள் உதவித்தொகைக்கு வழி தெரியாமல் இருக்கிறாள் என்பதெல்லாம் பிரத்தியட்சமாகத் தெரிந்திருந்தால்தான், கூட்டத்தில் ஒரு தீர்மானம் வாசிக்கப்படும்போது அது உண்மையிலே தேவையா, அல்லது எங்கோ ஓர் எஸ்டிமேட் தயாராகிவிட்டது என்பதற்காக இங்கே வந்திருக்கிறதா என்று பிரித்தறிய முடியும்.

கூட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அஜெண்டா முன்கூட்டியே எழுத்து மூலமாக வரவேண்டும். அதில் உள்ள பொருள்கள் ஒவ்வொன்றாக வாசிக்கப்பட்டு, விவாதிக்கப்பட்டு, ஏற்றோ மறுத்தோ தீர்மானப் புத்தகத்தில் பதியப்பட வேண்டும் என்பது முறை. பல ஊராட்சிகளில் நடப்பது வேறு. மெம்பர்கள் வந்து வருகைப் பதிவில் கையெழுத்திட்டு, டீ அருந்தி, மழையைப் பற்றியும் விலைவாசியைப் பற்றியும் பேசிக் கலைவார்கள். தீர்மானங்கள் பிற்பாடு, விட்டு வைத்த வெற்றுப் பக்கங்களில் எழுதப்படும். கையெழுத்து முன்னால் விழுந்துவிட்டபடியால், எழுதப்பட்டதெல்லாம் மெம்பர்கள் ஏகமனதாக நிறைவேற்றியதாகவே ஆகிவிடும். இதைக் கெட்ட எண்ணத்தோடு செய்பவர்கள் உண்டு. சோம்பலால் செய்பவர்களே அதிகம். ஆனால் பலன் இரண்டிலும் ஒன்றுதான்: மெம்பருக்கு இருக்கும் ஒரே ஆயுதத்தை அவரே ஒப்புக்கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகிறார். ஆகவே முதல் கூட்டத்திலிருந்தே, முந்தைய தீர்மானங்களை உரக்க வாசித்த பின்னரே கையெழுத்து என்று நான் பிடிவாதம் செய்தேன். வேறு இரண்டு மெம்பர்கள் என்னோடு சேர்ந்துகொண்டார்கள். அவர்களில் ஒருவருக்கு எழுத்து வாசனை அவ்வளவாகக் கிடையாது, ஆனால் வாசிக்கக் கேட்டால் ஒரு தொகையைக்கூட மறக்கமாட்டார். தலைவருக்கு ஆரம்பத்தில் மனத்தாங்கல் இருந்தது. ஆறு மாதத்துக்குள் அவரே, “வாசிச்சிடுப்பா, அப்புறம் மெம்பருங்க கேப்பாங்க” என்று செயலரிடம் சொல்லும் அளவுக்குப் பழகிவிட்டார்.

தீர்மானங்களுள் மிகவும் அலட்சியமாகக் கடந்து செல்லப்படுவது செலவின ஒப்புதல். இன்ன மாதத்தில் மோட்டார் ரிப்பேருக்கு இவ்வளவு, பிளீச்சிங் பவுடருக்கு இவ்வளவு, தெருவிளக்குச் சாமான்களுக்கு இவ்வளவு என்று ஒரு பட்டியல் வரும். புதிய தார்ச்சாலைக்கும் நாடக மேடைக்கும் ஆவலோடு கை உயர்த்துகிற மெம்பர், இந்தப் பட்டியலின்போது கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். ஊராட்சியின் ஆரோக்கியம் தெரிவது இந்தப் பட்டியலில்தான். ஒரே மோட்டார் ஒரு வருஷத்தில் பலமுறை காயில் எரிந்துபோகிறது என்றால், மின்னழுத்தம் சரியில்லை, அல்லது கிணற்றில் நீர் இறங்கிவிட்டது, அல்லது ரிப்பேர் என்பது காகிதத்தில் மட்டும் நடந்திருக்கிறது. மூன்றில் எதுவானாலும் மெம்பர் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். சட்டம் காசோலையில் தலைவரோடு துணைத் தலைவரும் கையெழுத்திட வேண்டும் என்று வைத்திருப்பது இதன் பொருட்டே. அந்தத் துணைத் தலைவரைத் தேர்ந்தெடுப்பவர்கள் மெம்பர்கள். எனவே துணைத் தலைவர் தேர்தலில் யாருக்கு வாக்களிப்பது என்று என்னைக் கேட்டவர்களிடம், தலைவருக்கு விரோதியாக இருப்பவருக்கும் வேண்டாம், தலைவருக்கு நிழலாக இருப்பவருக்கும் வேண்டாம், பில்லைப் பார்த்த பிறகு கையெழுத்திடும் பொறுமை யாருக்கு இருக்கிறதோ அவருக்கு அளியுங்கள் என்றே சொல்லி வந்திருக்கிறேன். விரோதியாக இருப்பவர் நியாயமான செலவையும் தடுத்து ஊரைத் தண்ணீர் இல்லாமல் வைத்துவிடுவார். அப்படி நடந்த ஊராட்சிகளும் உண்டு.

எப்படி வாக்களிப்பது என்ற கேள்வி எனக்கு முழு உருவத்தோடு எதிரே வந்தது ஒரு தண்ணீர்த் தொட்டி விஷயத்தில்தான். எங்கள் ஊராட்சிக்கு முப்பதாயிரம் லிட்டர் கொள்ளளவில் புதிதாக ஒரு மேல்நிலைத் தொட்டி அனுமதியாயிற்று. இடத்தைத் தேர்ந்து தீர்மானம் அனுப்பும்படி ஊராட்சியைக் கேட்டிருந்தார்கள். என் வார்டில், மாரியம்மன் கோயிலுக்கு எதிரே வசதியான புறம்போக்கு ஒன்று இருந்தது. ஊரின் மறுகோடியில், காலனிக்கு அருகே மற்றொன்று இருந்தது. பழைய தொட்டியின் நீர் கடைசியாகப் போய்ச் சேருகிற, பெரும்பாலும் போய்ச் சேராமலே நின்றுவிடுகிற இடம் காலனி. ஆனால் என் வார்டுக்காரர்களும் கஷ்டம் இல்லாதவர்கள் அல்லர். கோடையில் அவர்களும் விவசாயக் கிணற்றுக்குக் குடத்தோடு நடந்தவர்களே. கூட்டத்துக்கு முதல்நாள் மாலை தெருப் பெரியவர்கள் என் திண்ணைக்கு வந்தார்கள். “மெம்பரே, நம்ம தெருவுக்குத்தானே உன்னை அனுப்பினோம்? கையில வந்ததை அந்தாண்ட தள்ளிட்டு வந்துடாதே” என்றார் அவர்களில் மூத்தவர். அவர் சொன்னதில் மிரட்டல் இல்லை, உரிமை இருந்தது.

கூட்டத்தில் காலனி வார்டின் மெம்பர், ஒதுக்கீட்டில் வந்த பெண்மணி, அதுவரை அதிகம் பேசாதவர், எழுந்து நின்று, “அண்ணா, எங்க கடைசித் தெருவுக்கு வர்றதுக்குள்ள டேங்க்கு காலியாயிடுதுங்க. புள்ளைங்கள ஸ்கூலுக்கு அனுப்பறதா, தண்ணிக்கு அனுப்பறதா?” என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார். நான் அவர் தெருவில் ஆபரேட்டரோடு நின்று குடம் நிறையும் நேரத்தைப் பார்த்திருந்தவன். அவர் சொன்னதில் மிகை ஒரு சொல்கூட இல்லை என்பதை அறிந்தவன். என் தெருவின் கஷ்டம் கோடைக்குரியது, அவர் தெருவின் கஷ்டம் பன்னிரண்டு மாதத்துக்கும் உரியது. நான் காலனிப் பக்கத்துக்குக் கை உயர்த்தினேன். தலைவரையும் சேர்த்துப் பத்து வாக்கில் ஆறுக்கு நான்காகத் தீர்மானம் நிறைவேறியது.

அனுப்பியவர்களின் சொல்லா, சொந்த விவேகமா என்ற இந்தக் கேள்வி பழையது. 1774ஆம் வருஷம் எட்மண்ட் பர்க் என்ற ஆங்கில அரசியல்வாதி, பிரிஸ்டல் நகரத்து வாக்காளர்கள் முன்னிலையில், தம்மைத் தேர்ந்தெடுத்தவர்களின் கட்டளையை எடுத்துச் செல்லும் தூதன் அல்லன் பிரதிநிதி, சொந்த விவேகத்தால் தேசம் முழுவதன் நன்மையையும் நாட வேண்டியவன் என்று வாதாடினார். ஆறு வருஷத்துக்குப் பின் பிரிஸ்டலில் ஆதரவு இல்லை என்று கண்டு போட்டியிலிருந்து விலகவும் நேர்ந்தது. அவருடைய தத்துவத்தில் பெரும்பகுதி எனக்குச் சம்மதமே. ஆனால் பர்க் தம் தொகுதிக்கு அரிதாகவே சென்றவர். வார்டு மெம்பரோ தமக்கு வாக்களித்தவரின் வீட்டுக்கும் வாக்களிக்காதவரின் வீட்டுக்கும் நடுவே குடியிருப்பவர். அவர் தம் விவேகத்தைப் பின்பற்றிவிட்டுப் பிரசங்கத்தோடு நிறுத்திக்கொள்ள முடியாது. மறுநாள் காலையில் அதே தெருவில் நடந்து, ஒவ்வொரு திண்ணையிலும் நின்று, ஏன் அப்படிச் செய்தேன் என்று சொல்லியாக வேண்டும். நான் சொன்னேன். சிலர் ஏற்றார்கள், பலர் முகம் கொடுத்துப் பேசவில்லை. 2001ஆம் வருஷத் தேர்தலில் தோற்றேன். புதிய தொட்டி வந்தபின் பழைய தொட்டியின் நீர் காலனிக்குப் போக வேண்டிய அவசியம் நீங்கி, எங்கள் தெருவுக்கும் முன்னைவிட அதிக நேரம் கிடைத்தது என்பது உண்மையே. ஆனால் அந்த வாக்குக்கு நியாயம் அந்தப் பலனில் இல்லை. பலன் கிடைத்திராவிட்டாலும் அங்கேதான் கை உயர்த்தியிருக்க வேண்டும்.

ஒரு தீர்மானத்தின்மீது முடிவு செய்யும்போது என் மனத்தில் எழும் கேள்விகள் அந்த நாளிலிருந்து ஓரளவு நிலைபெற்றன. இடத்தை நான் போய்ப் பார்த்தேனா என்பது முதலாவது. பார்க்காத காரியத்துக்கு அவகாசம் கேட்பதில் எந்த வெட்கமும் இல்லை. இதனால் பயன் பெறுகிறவர்களில் கூட்டத்துக்கு வரமுடியாதவர்கள் யார் என்று அதன் பிறகு யோசிப்பேன். கூலி வேலையை விட்டுவிட்டு வந்து கேட்க முடியாதவன், பேசத் தெரியாதவள், மலையிலிருந்து இறங்கி வந்து குடியேறியவன் ஆகியோரின் கோரிக்கை அஜெண்டாவில் தானாக ஏறுவதில்லை. எல்லாவற்றிலும் கடினமானது, கட்டிய பிறகு இதைப் பராமரிப்பது யார், எந்தப் பணத்தில் என்பது. தொட்டி ஒன்று கூடினால் மோட்டார் ஒன்று கூடுகிறது, ஆபரேட்டர் சம்பளம் கூடுகிறது, மின்கட்டணம் கூடுகிறது. ஊராட்சிக்கு மேலிருந்து வரும் மானியத்தில் பெரும்பகுதி மின்கட்டணத்துக்கே போய்விடுகிற ஊர்களை நான் அறிவேன். வீட்டுவரியைத் திருத்தும் தீர்மானம் வரும்போது அத்தனை கைகளும் மடியில் இருக்கும். செலவுத் தீர்மானத்துக்கு உயர்த்திய கை வரித் தீர்மானத்துக்கும் உயர்ந்தாக வேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

இந்த விஷயத்தில் கோயம்புத்தூர் மாவட்டம் மேட்டுப்பாளையத்துக்கு அருகே உள்ள ஓடந்துறை ஊராட்சியின் காரியத்தை நான் மரியாதையோடு நினைக்கிறேன். சண்முகம் என்பவர் தலைவராக இருந்த அந்த ஊராட்சி, பெருகிவரும் மின்கட்டணத்தைக் கண்டு, 2006ஆம் ஆண்டு சுமார் ஒரு கோடியே ஐம்பத்தைந்து லட்ச ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை, ஒரு பங்கைத் தன் சொந்த நிதியிலும் மீதியை வங்கிக் கடனிலுமாக நிறுவியது. தலைவரின் பெயரைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். அதற்குரிய புகழ் அவருக்கு உண்டு. ஆனால் ஒரு கிராம ஊராட்சி அவ்வளவு பெரிய கடனைத் தலைமேல் ஏற்றுக்கொள்வதற்கு மெம்பர்களின் சம்மதம் தேவையாயிருந்திருக்கும் என்பதையும், தங்கள் பதவிக்காலத்துக்குப் பிறகும் நீளுகிற பொறுப்பு அது என்று தெரிந்தே அந்தப் பெயர் தெரியாத மனிதர்கள் கை உயர்த்தியிருப்பார்கள் என்பதையும் நான் எண்ணிப் பார்ப்பதுண்டு.

சொந்த லாபம் சம்பந்தப்பட்ட பொருளில் மெம்பர் விவாதிக்கவும் கூடாது, வாக்களிக்கவும் கூடாது என்பது விதி. விதி எளிது, கிராமத்தில் யாருக்கு யார் உறவல்ல என்பதுதான் சங்கடம். சாலையோரத்து நிலங்கள் மனைகளாகப் பிரியத் தொடங்கிய காலத்தில் இதன் கனத்தை அறிந்தேன். மனைப்பிரிவு போடுகிறவர் ஒருவர், அதில் உள்ள சாலையை ஊராட்சி ஏற்றுக்கொள்வதாகத் தீர்மானம் வேண்டி, ஒவ்வொரு மெம்பர் வீட்டுக்கும் இரவில் வந்தார். என் பங்காளி ஒருவரின் நிலமும் அதில் அடங்கியிருந்தபடியால், அந்தப் பொருள் வந்தபோது காரணத்தைச் சொல்லிவிட்டு வெளியே போய் நின்றேன். தெரு அகலம் என்ன, மழைநீர் எங்கே வடியும், குடிநீருக்கு வழி என்ன என்று எழுத்து மூலம் கேட்டுப் பெறும்படி மற்றவர்களிடம் முன்தினமே சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்களானால், அதுவும் ஒரு விவாதம்தான் என்பது என் எண்ணம். விலகுவது என்றால் முழுவதும் விலகுவது. அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யச் சென்னை உயர்நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்தபோதுதான், முன்பு இப்படிப் பல ஊர்களில் யோசனையின்றி உயர்ந்த கைகளின் விளைவு வாங்கியவர்கள் தலையில் விடிந்தது.

2006இல் ஊராட்சி ஒன்றியக் கவுன்சிலராக வந்தேன். கிராம ஊராட்சித் தலைவரும் மெம்பரும் கட்சிச் சின்னம் இல்லாமல் நிற்பவர்கள். ஒன்றியமும் மாவட்ட ஊராட்சியும் சின்னத்தோடு நடக்கும் தேர்தல்கள். சேர்மனைக் கவுன்சிலர்களே தேர்ந்தெடுப்பதால், அந்தத் தேர்தல் நெருங்கும்போது கவுன்சிலர்களைக் கூட்டமாக வெளியூர் அழைத்துச் சென்று வைத்திருந்து வாக்குப்பதிவு நாளில் கொண்டுவந்து இறக்குவது தமிழ்நாடெங்கும் சர்வசாதாரணம். அதைப் பற்றி நான் விரித்து எழுதப் போவதில்லை. அதைவிட யாரும் பேசாத ஒரு வழக்கத்தைச் சொல்கிறேன். ஒன்றியத்தின் பொது நிதியில் வேலைகள் எடுக்கும்போது, வார்டுக்கு இவ்வளவு என்று சமமாகப் பங்கிட்டுவிடுவது மரபு. கேட்பதற்கு நீதியாகத் தோன்றும். உண்மையில் அது முடிவு செய்வதைத் தவிர்க்கும் உபாயம். ஒவ்வொரு வார்டிலும் ஒரு துண்டுக் கால்வாயும் ஒரு துண்டு சிமெண்டுத் தெருவும் முளைக்கும். ஒன்றிய நடுநிலைப் பள்ளி ஒன்றின் ஓட்டுக்கூரை முழுவதும் மாற்றப்பட வேண்டியதாக இருந்தால், அந்தத் துண்டுப் பணத்தில் நான்கு ஓடு மாற்றலாம். கட்சி வேறுபாடு பாராமல் சில கவுன்சிலர்களிடம் பேசி, இந்த முறை எங்கள் பங்குகளை ஒரு பள்ளிக்கு விட்டுக்கொடுப்பது, அடுத்த முறை அவர்கள் கேட்கும் வேறொரு கட்டடத்துக்கு நாங்கள் விட்டுக்கொடுப்பது என்று முறை வைத்துக்கொண்டோம். வாக்குறுதியை அவர்கள் காப்பாற்றினார்கள். எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் தம் கட்சிக் கூட்டத்தில் திட்டு வாங்கிக்கொண்டும் காப்பாற்றினார். அவருக்கு நான் இன்றும் நன்றி பாராட்டுகிறேன்.

மெம்பர் என்பவர் என்ன செய்கிறார் என்பதை ஜனங்கள் நன்றாக உணர்ந்தது மெம்பர்களே இல்லாத காலத்தில்தான். 2016 அக்டோபரில் நடக்கவிருந்த தேர்தலின் அறிவிக்கையை, பழங்குடியினர் ஒதுக்கீட்டில் விதிகள் பின்பற்றப்படவில்லை என்ற வழக்கில், உயர்நீதிமன்றம் அந்த மாதம் 4ஆம் தேதி ரத்து செய்தது. தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில் எங்கள் மாவட்டம் உட்பட இருபத்தேழு மாவட்டங்களில் தேர்தல் நடக்கும் வரை மூன்று வருஷத்துக்கு மேலாக ஊருக்குப் பிரதிநிதி இல்லை. தனி அலுவலர்கள் கெட்டவர்கள் அல்லர். ஆனால் பல ஊர்களின் பொறுப்பை ஏற்ற ஓர் உத்தியோகஸ்தர் எந்தத் தெருவின் கேட்வால்வு என்று அறிய முடியுமா? வால்வுத் தகராறுக்கு ஜனங்கள் பஸ் ஏறி ஒன்றிய அலுவலகத்துக்குப் போனார்கள். 2019இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலமும் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்து, மறுபடி தனி அலுவலர் ஆட்சி வந்தது. ஐந்து ஆண்டு முடிவதற்குள் தேர்தல் நடந்தாக வேண்டும் என்று சாசனம் சொல்வதை ஏட்டளவில் நிறுத்திவிடுவது, 1970க்குப் பின் நேர்ந்ததையே வேறு பெயரில் திரும்பக் கொண்டுவருவதாகும் என்று நான் வருந்துகிறேன்.

வாக்காளரின் பக்கத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். உள்ளாட்சித் தேர்தலில் கிராமத்து வாக்காளர் கையில் நான்கு சீட்டு கொடுக்கிறார்கள்: மெம்பருக்கு வெள்ளை, தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். இளஞ்சிவப்புச் சீட்டுக்குத்தான் இரவெல்லாம் பேச்சும் பணமும் நடக்கும். வெள்ளைச் சீட்டை உறவு பார்த்தும் தெரு பார்த்தும் குத்திவிடுவார்கள். சில ஊர்களில் தலைவர் பதவியையே கோயிலுக்குப் பணம் என்று ஏலம் விட்டு, ஏலம் எடுத்தவரைப் போட்டியின்றித் தேர்ந்தெடுக்கும் பழக்கம் ஒவ்வொரு தேர்தலிலும் தலைகாட்டுகிறது. கோயில் கட்டப்படலாம், ஆனால் விலை கொடுத்து வாங்கியவரை எந்தத் தீர்மானப் புத்தகத்தைக் காட்டிக் கேள்வி கேட்பது? இந்த வாக்குக்குக் கொடுக்கப்பட்ட விலை பெரிது. மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும், தாழ்த்தப்பட்டோருக்கான ஒதுக்கீட்டுக்கு எதிர்ப்பாகப் பத்து வருஷம் தேர்தலையே நடக்கவிடாமல் செய்தார்கள்; 2006இல்தான் அது ஒழுங்காக நடந்தது. மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசன் 1997 ஜூன் 30ஆம் தேதி கொலையுண்டார். அவர் செய்த குற்றம் ஒதுக்கீட்டில் தேர்ந்தெடுக்கப்பட்டது ஒன்றே. 2020இல்கூடக் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலைவராக இருந்த பெண்மணி கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்ட செய்தி வந்தது. அத்தகைய விலை கொடுக்கப்பட்ட வாக்கை உறவுக்காகவும் ஒரு வேளைச் சாப்பாட்டுக்காகவும் குத்துவதை என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

வெள்ளைச் சீட்டுக்கு நிற்பவர் வீட்டுக்கு வந்து கும்பிடும்போது, நமக்கு என்ன செய்வாய் என்று கேட்பது இயல்பு. அதற்குப் பதிலாக, நம் ஊரில் தண்ணீர் கடைசியாகப் போகும் தெரு எது, நூறு நாள் வேலையில் போன வருஷம் எந்த ஏரியில் மண் எடுத்தார்கள், கிராமசபைக்குக் கடைசியாக எப்போது வந்தாய் என்று கேளுங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களோடு இப்போது மார்ச் 22ஆம் தேதியும் நவம்பர் 1ஆம் தேதியும் சேர்ந்து, கிராமசபைக்கு ஆறு நாள் இருக்கின்றன; ஐந்நூறுக்கு மேல் மூவாயிரம் வரை ஜனத்தொகை உள்ள ஊரில் நூறு பேர் வந்தால்தான் அது சபையாகும். அந்த நூறில் ஒருவராக ஒருமுறையும் உட்காராதவர், பத்துப் பேர் கூடும் அறையில் ஊருக்காகப் பேசுவார் என்று நம்ப எனக்கு ஆதாரம் கிடைப்பதில்லை.

எங்கள் தெருவில் படித்து முடித்த பிள்ளைகள் சிலர், அடுத்த தேர்தல் வரும்போது நிற்கலாமா என்று யோசனை கேட்டு என்னிடம் வருகிறார்கள். தேர்தல் எப்போது வந்தாலும் வரட்டும், கிராமசபை இப்போதும் கூடுகிறது, அதற்கு வாருங்கள் என்று சொல்லி, வரவு செலவு அறிக்கையை வாசித்துக் காட்டும்படி கேட்பதற்கு மனு எழுதும் முறையையும் கற்றுக்கொடுத்தேன். போன சபையில் அவர்களில் ஒரு பெண் எழுந்து மோட்டார் ரிப்பேர் செலவைப் பற்றிக் கேட்டாள். விவரம் தர அலுவலர் அவகாசம் கேட்டிருக்கிறார்.